மாத்தூர்த் தொட்டிப்பாலம்: நீரும் நடையும் ஒரே தோளில்

கூட்டுறவு ஆய்வாளர், காரிமங்கலம்

ஆற்றைக் கடப்பதற்கு மனிதன் பாலம் கட்டுகிறான். நீரைக் கொண்டுசெல்வதற்கு வாய்க்கால் வெட்டுகிறான். இவ்விரண்டும் தனித்தனி வேலைகள் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆனால் நமது மாநிலத்திலேயே இவ்விரு வேலைகளையும் ஒருங்கே செய்துவரும் கட்டடம் ஒன்று இருக்கின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாற்றிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மாத்தூர்த் தொட்டிப்பாலமே அது. பறளியாற்றின் மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்கு வாய்க்கால் நீரை அது சுமந்து செல்கின்றது. அந்நீரின் மேலேயே மக்கள் நடந்து செல்வதற்கு வழியும் விடுகின்றது.

மாநிலத்தின் தென்கோடியில் உள்ள இப்பாலத்தைப் பற்றி வடமேற்கே காரிமங்கலத்தில் இருக்கும் நாம் அறிய வேண்டுவது என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வேண்டுவது உண்டு. பலருக்குச் சொந்தமான பொருளை யார் கட்டுவது, யார் காப்பது, காவாவிட்டால் யார் இழப்பது என்னும் கேள்விகள் பாலத்துக்கும் உண்டு, சங்கத்துக்கும் உண்டு. மாத்தூரின் வரலாறு இக்கேள்விகளைக் கண்முன் காட்டுகிறது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே எழுத முற்படுகிறேன்.

பாலம் பிறந்த வரலாறு

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முன்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதியாக இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அம்மாவட்டத்தின் பாசனத்துக்கு உயிர்நாடி கோதையாற்றுப் பாசன அமைப்பாகும். 1906இல் நிறைவெய்திய பேச்சிப்பாறை அணை இவ்வமைப்பின் தலை. 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணையும், அதன் பின்னர்ச் சிற்றாறு அணைகளும் இதனோடு சேர்ந்தன.

அணை கட்டினால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. தேங்கிய நீர் வயலைச் சென்றடைய வேண்டும். அம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியோ மேடும் பள்ளமுமான நாடு. குன்றை அடுத்துப் பள்ளம், பள்ளத்தில் ஓர் ஆறு, அதனைத் தாண்டினால் மறுபடியும் குன்று. அக்காலத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுக்காக்களின் நிலங்களுக்குப் பட்டணங்கால் என்னும் கால்வாயைக் கொண்டுசெல்ல முற்பட்டபோது, பறளியாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கு குறுக்கே நின்றது. மகேந்திரகிரி மலைப்பகுதியில் தோன்றி வரும் இந்த ஆறு, மூவாற்றுமுகத்தின் அருகே கோதையாற்றோடு கூடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றது. இதே ஆற்றின் மேற்பகுதியில்தான் பெருஞ்சாணி அணையும் இருக்கின்றது. ஒரே ஆறு மேலே நீர் தரும் தாயாகவும், கீழே வாய்க்காலை மறிக்கும் பள்ளமாகவும் அமைந்தது.

இந்தப் பள்ளத்தைக் கடக்கவே தொட்டிப்பாலம் எழுந்தது. 1966இல் அது கட்டி முடிந்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் திரு. பக்தவத்சலம். எனினும் பாலத்தின் பெருமையை மக்கள் திரு. காமராசருக்கே தருகின்றனர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர் பொறுப்பில் இருந்த காலத்தில் மாநிலமெங்கும் பாசனப் பணிகள் பெருகின என்பதையும், பிற்காலத்தில் 1969 முதல் மறையும் வரை நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக அவர் இருந்தார் என்பதையும் நினைத்தால், மக்கள் அவ்வாறு போற்றுவதில் வியப்பில்லை. பெரும்பணிகள் ஒருவர் காலத்தில் கருவாகி மற்றொருவர் காலத்தில் உருவாவது உலக இயல்பு.

பாலத்தின் அமைப்பைக் கூறுவேன். ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள கான்கிரீட் தொட்டி ஒன்றை 28 தூண்கள் தாங்கி நிற்கின்றன. தூண்களின் மிகுந்த உயரம் 115 அடி. அவற்றுள் சில ஆற்றின் பாறையிலேயே ஊன்றப்பட்டவை. தொட்டியின் அகலம் ஏழரை அடி; உயரம் 7 அடி. அதன் மேற்புறத்தில் ஒரு பகுதி கான்கிரீட் பலகைகளால் மூடப்பட்டு நடைபாதையாகியிருக்கின்றது. மூடாத பகுதியின் வழியே, காலடியில் நீர் ஓடுவதை நடப்பவர் பார்த்துக்கொண்டே செல்லலாம். ஒரு பக்கத்தில் சாலை தொட்டியின் மட்டத்திற்கே வந்து சேருகின்றது; ஆற்றின் மட்டத்திலிருந்து ஏறி வருவோருக்கு நெடிய படிக்கட்டு உண்டு.

ஏன் இத்தனை உயரம்?

ஒரு பள்ளத்தைக் கடப்பதற்கு இவ்வளவு உயர்ந்த தூண்கள் எதற்கு என்று கேட்கலாம். வாய்க்கால் நீருக்குத் தானே மேடேறும் ஆற்றல் இல்லை. தலைமடையிலிருந்து கடைமடை வரை அது சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் மட்டத்தை இழந்துவிட்டால், அதற்கு மேற்பட்ட மட்டத்தில் உள்ள வயல்களையெல்லாம் இழந்ததாகவே பொருள். இறைத்து ஏற்றினாலன்றி அந்நிலங்களுக்குப் பாசனம் இல்லை.

பள்ளத்தைக் கடக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிச் சுற்றிச் செல்வது. இதற்குக் கட்டடச் செலவு குறைவு. ஆனால் வாய்க்காலின் நீளம் பல மடங்கு கூடும். நீளம் கூடக்கூட மட்டமும் குறையும், மண்ணில் ஊறிப்போகும் நீரும் மிகும். இரண்டாவது, ஆற்றின் அடியில் குழாய் பதித்து, ஒரு கரையில் இறங்கிய நீர் தன் அழுத்தத்தாலேயே மறுகரையில் ஏறும்படி செய்வது. இதில் குழாயின் அடிப்பகுதியில் அழுத்தம் மிகுதி. வண்டல் அங்கே தங்கும். பழுது நேர்ந்தால் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. மூன்றாவது, தொட்டியைத் தூண்களின் மேல் நிறுத்தி நேரே கடப்பது. கட்டும்போது செலவு அதிகமே. ஆனால் மட்டம் குறையாது, வண்டலை வாரலாம், கசிவைக் கண்ணால் காணலாம். மாத்தூரில் கையாண்டது இந்த மூன்றாவது வழி.

இந்த வழியில் இன்னொரு நன்மையும் அடங்கியிருக்கின்றது. உயரத்தில் ஓடும் தொட்டியைக் காவல் காப்பவர் அதன் நீளம் முழுதும் நடந்து பார்த்தாக வேண்டும். எனவே இத்தகைய கட்டடத்துக்கு நடைவழி ஒன்று அவசியமாகின்றது. காவற்காரன் நடக்கும் வழியில் ஊராரும் நடக்கலாம் என்றாகிவிட்டால், பள்ளத்தில் இறங்கி ஆற்றைக் கடந்து மறுபடி ஏறும் துன்பம் இரு கரையாருக்கும் தீர்ந்துவிடுகிறது. நீருக்காகக் கட்டிய பாலம் மனிதருக்கும் பாலமாகிவிடுகின்றது.

சுமைக் கணக்கு

நீரைச் சுமக்கும் பாலத்தில் மனிதரையும் ஏற்றுவது மிகையல்லவா என்னும் ஐயம் எழலாம். கணக்கு இதற்கு விடை கூறும். ஏழரை அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள தொட்டி விளிம்பு வரை நிறைந்தால், ஓர் அடி நீளத்தில் ஐம்பத்திரண்டரை கன அடி நீர் நிற்கும். ஒரு கன அடி நீரின் எடை சுமார் 28 கிலோ. ஆக, அடி ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். முக்கால் அளவே நீர் ஓடுவதாகக் கொண்டாலும் ஒரு டன்னுக்கு மேல் ஆகின்றது. அதே ஓர் அடி நீளத்தில் இருவர் தோளோடு தோள் சேர்ந்து நின்றால் அவர்களது எடை நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோவைத் தாண்டாது. நீரின் சுமையில் எட்டில் ஒரு பங்கு என்று சொல்லலாம். பாலத்தின் நீளம் முழுவதும் அடிக்கு இருவர் நெருங்கி நிற்பது என்பதும் நடவாத காரியம்.

எனவே நீருக்கென வலிவாகக் கட்டிய தூண்களுக்கு மனிதச் சுமை ஒரு பொருட்டன்று. நடைவழிக்காகத் தனிப் பாலம் கட்டுவதென்றால் மற்றொரு வரிசைத் தூண்கள் வேண்டும். இங்கே மேற்பலகைகளும் கைப்பிடிச் சுவரும் போதுமாயின. ஒரே முதலில் இரண்டு பயன்கள் கிடைத்தன. கூட்டுறவுக் கடையில் பணிபுரியும் ஒரே எழுத்தர் கடன் கணக்கையும் விற்பனைக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதால் சங்கத்துக்குச் செலவு குறைவது போன்றதே இதுவும்.

நடைக்கென்றே கட்டிய மெல்லிய தொங்குபாலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே மனிதர்தாம் முதன்மைச் சுமை. குஜராத் மாநிலத்தில் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேலிருந்த பழைய தொங்குபாலம், பழுதுபார்ப்புக்குப் பின் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் திறக்கப்பட்டது. 30ஆம் நாள் மாலையில் அறுந்து வீழ்ந்தது. அப்போது அதன் மேல் சுமார் 300 பேர் இருந்தனர். நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளுள் 22 முன்னரே துருப்பிடித்திருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. புதுத் தளத்தின் எடையும் சுமையைக் கூட்டியிருந்தது. இழைகளில் பாதி இற்றுப்போன பாவைத் தறியில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

நீரும் நடையும் ஒன்றுசேரும் பாலங்கள் உலகுக்குப் புதியவை அல்ல. இரண்டு பழைய எடுத்துக்காட்டுகள் நமக்குப் பெரிதும் பயன்படுவன.

பிரான்ஸ் நாட்டின் தென்பகுதியில், கார் என்னும் ஆற்றின் மேல் ரோமானியர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுப்பிய மூன்றடுக்குக் கற்பாலம் இன்றும் நிற்கின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 49 மீட்டர். நீம் நகருக்குக் குடிநீர் கொண்டுசென்ற சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள வாய்க்காலின் ஒரு பகுதி அது. அவ்வளவு நீளத்திலும் மொத்த இறக்கம் இருபது மீட்டருக்கும் குறைவு என்றால், மட்டம் பார்த்த கைகளின் திறமையை என்னென்பது! ஆனால் ரோமப் பேரரசு தளர்ந்தபின் வாய்க்காலைச் சுத்தம் செய்வார் இல்லை. சுண்ணாம்புப் படிவும் குப்பையும் அடைத்துக்கொண்டன; சில நூற்றாண்டுகளில் நீரோட்டம் அறவே நின்றுபோயிற்று.

நீர் நின்றபின்னும் பாலம் அழியவில்லை. காரணம், மக்கள் அதனை ஆறு கடக்கும் வழியாகக் கொண்டனர். அப்பகுதிப் பிரபுக்களும் பின்னர் மதகுருமாரும் கடப்பவரிடம் சுங்கம் பெற்று, அதற்கு ஈடாகப் பாலத்தைப் பேணி வந்தனர். நடையே பாலத்தைக் காத்தது எனலாம். ஆனால் அதே நடை ஒரு சமயம் பாலத்துக்கு ஆபத்தாகவும் முடிந்தது. 1620களில் நடந்த உள்நாட்டுப் போரில், பீரங்கிகளைக் கொண்டுசெல்வதற்காகப் பிரபு ஒருவர் இரண்டாம் அடுக்குத் தூண்களின் ஒரு பக்கத்தை மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குச் செதுக்கிவிட்டார். வழி அகன்றது, பாலமோ நலிந்தது. பின்னர் 1743க்கும் 1747க்கும் இடையே வண்டிகளுக்கென்று தனிப் பாலம் ஒன்றைப் பக்கத்திலேயே கட்டி அச்சுமையை மாற்றினர்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வேல்ஸ் நாட்டைச் சேர்ந்தது. தெல்போர்டு, ஜெசப் என்னும் பொறியாளர்கள் 1805இல் முடித்த பொன்ட்கசில்ட்டே பாலம், இரும்புத் தொட்டியொன்றைச் சுமார் 38 மீட்டர் உயரத்தில் கற்றூண்களின் மேல் தாங்குகின்றது. அத்தொட்டியில் படகுகள் செல்கின்றன. தொட்டியின் ஓரமாக நடைவழியும் செல்கின்றது. படகுகளை இழுக்கும் குதிரைகள் நடப்பதற்கென்று முன்னாளில் அமைத்த வழி அது. இரும்புப் பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களில் நீர் கசியாதிருக்கக் கம்பளித் துணியை வைத்து ஈயக் கலவை பூசி அடைத்தார்கள் என்பது நெசவாளர்கள் மகிழ்ந்து கேட்கத்தக்க செய்தி. இரு நூற்றாண்டு கடந்தும் அத்தொட்டி உழைக்கின்றது. சில ஆண்டுகளுக்கொருமுறை நீரை முழுதும் வடித்துவிட்டுப் பொருத்துகளைச் சோதிக்கும் வழக்கத்தை அங்கே விடாமல் கைக்கொண்டு வருகின்றனர்.

நமது நாட்டிலும் வடக்கே ரூர்க்கி நகரில், 1854இல் திறந்த கங்கைக் கால்வாய் சோலானி ஆற்றை 15 வளைவுகள் கொண்ட பெரிய பாலத்தின் மேல் கடக்கின்றது. வளைவு ஒவ்வொன்றும் 50 அடி அகலம். அக்கால்வாய்ப் பணிக்கு ஆட்களைப் பயிற்றுவதற்கென்றே அந்நகரில் பொறியியற் கல்லூரி தோன்றியது. கட்டுவதற்கு மட்டுமன்றிக் காப்பதற்கும் கற்றவர் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இவ்வனுபவங்களின் சாரம் ஒன்றே. பயன்படுத்துவோர் பேணியவரையில் பாலம் வாழ்ந்தது. பேணுவதை நிறுத்தியபோது, அல்லது தாங்காத பயனை அதன்மேல் ஏற்றியபோது, அது நலிந்தது.

பாலத்தின் பகைகள்

மாத்தூர்ப் பாலம் பிறந்து ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகின்றன. கான்கிரீட்டுக்கு இது முதுமை தொடங்கும் பருவம். இத்தகைய பாலங்களை அரிக்கும் பகைகள் யாவை என்று அறிந்திருத்தல் நல்லது.

முதலாவது பகை, பொருத்துகளில் கசிவு. வெயிலில் கான்கிரீட் விரிகின்றது, குளிரில் சுருங்குகின்றது. நூறு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் 20 பாகை வெப்பம் ஏறினால் சுமார் 2 சென்டிமீட்டர் நீளும். இதற்கு இடம் விட்டே தொட்டியைத் துண்டு துண்டாகக் கட்டி, இடையில் இளகும் பொருளால் அடைப்பார்கள். இந்த அடைப்பு நாளடைவில் காய்ந்து வெடிக்கின்றது. இரண்டாவது பகை, உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளின் துரு. கசிந்த நீர் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே மூடிய கான்கிரீட்டைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் மேலும் நீர் புகும். மூன்றாவது, வெடிப்புகளில் முளைக்கும் ஆல், அரசுச் செடிகளின் வேர். நான்காவது, மக்களின் கவனக்குறைவு. தொட்டியில் எறியும் குப்பை மதகை அடைக்கும். உடைந்த கைப்பிடிச் சுவர் உயிருக்கே ஊறு செய்யும். மாத்தூருக்கு இப்போது உல்லாசப் பயணிகள் மிகுதியாக வருகின்றனர். அவர்கள் வரவு ஊருக்கு நன்மை. ஆனால் அவர்களால் நேரும் தேய்மானத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சிறு கசிவுதானே என்று விட்டுவிடுவோர் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஒரு விநாடிக்கு ஒரு லிட்டர் நீர் கசிந்தால் ஒரு நாளில் 86,400 லிட்டர் போகின்றது. நாட்டுப்புறங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வகுத்திருக்கும் அளவு 55 லிட்டர். அக்கணக்கில் 1,500 பேருக்கு மேற்பட்டோரின் ஒரு நாள் நீர் அந்தக் கசிவிலேயே ஆற்றில் வீழ்ந்துவிடுகின்றது. வாய்க்காலில் இந்த இழப்பைத் தலைமடைக்காரர் உணர்வதில்லை, கடைமடைக்காரரே உணர்கின்றார். பாலத்தில் ஒழுகும் ஒவ்வொரு துளியும் கடைமடையில் வாடும் ஒரு நாற்று.

நம் பக்கத்திலேயே கண்ட பாடம் ஒன்று உண்டு. தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையில், 2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், எட்டு மதகுகளுள் முதலாவது உடைந்தது. மழைக்காலத்தில் தேக்கிவைத்த நீரில் பெரும்பகுதி ஆற்றோடு போயிற்று. பின்னர்ப் புதிய மதகுகள் பொருத்தினர் என்பது ஆறுதல். எனினும், 60 ஆண்டு உழைத்த இரும்புக்கும் ஆயுள் எல்லை உண்டு என்பதை அந்த ஒரு நாள் நமக்கு உணர்த்திச் சென்றது.

யார் காப்பது?

ஒரு கட்டடம் ஒரு வேலையை மட்டும் செய்தால் அதற்கு உரியவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. இரண்டு மூன்று வேலைகள் செய்யத் தொடங்கிய உடனே குழப்பம் தொடங்குகிறது. நீர் பாசனத்துறைக்கு, நடைவழி ஊராட்சிக்கு, பக்கவாட்டில் குடிநீர்க் குழாய் சென்றால் அது குடிநீர் வாரியத்துக்கு, மின்கம்பி சென்றால் அது மின்வாரியத்துக்கு. பயன் வேண்டும்போது அனைவரும் உரிமை கொண்டாடுவர். பழுது நேரும்போது ஒவ்வொருவரும் மற்றவர் பக்கம் கை நீட்டுவர். எல்லாருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் அல்லாமற் போகும் அபாயம் இதில்தான் இருக்கின்றது.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தனர். அதுவே குடிமராமத்து. ஏரியின் பயனை நுகர்வோர் ஆண்டுதோறும் கூடி, தத்தம் நில அளவுக்கேற்ப ஆள் அனுப்பி, வாய்க்காலைத் தூர்வாரிக் கரையை உயர்த்துவர். மடை திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். அறுவடையில் அவருக்குப் பங்கு உண்டு. இம்முறை தேய்ந்துவந்தபோது, ஆங்கில ஆட்சியார் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி அதனை நிலைநிறுத்த முயன்றனர். சட்டத்தின் அச்சத்தால் மண்வெட்டி நெடுங்காலம் எழுவதில்லை. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு உழவர்கள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டு, நீரைப் பயன்படுத்துவோரே சங்கமாகக் கூடி வாய்க்காலின் பராமரிப்பில் பங்குகொள்ள வழி ஏற்பட்டது. 2017இல் குடிமராமத்து என்னும் பெயரிலேயே அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் பழையது, நோக்கமும் பழையதே. பயன்பெறுவோர் கை கோத்தாலன்றிப் பொதுச்சொத்து நிலைக்காது.

மாத்தூர் போன்ற உயர்ந்த பாலத்தின் பழுதை உழவர்கள் தாமே மண்வெட்டியால் தீர்த்துவிட முடியாது. அதற்குப் பொறியாளரும் அரசின் பணமும் வேண்டும். ஆனால் கசிவை முதலில் காண்பவர் பொறியாளர் அல்லர். அதன் மேல் நாள்தோறும் நடக்கும் ஊராரே. அவர்கள் கண்டதை எழுத்தில் தெரிவித்து, தீரும்வரை விடாது கேட்டால், பாலத்துக்கு நூறு காவற்காரர் உண்டு என்றாகும். நடைவழியின் உண்மையான பயன் இதுவே என்று கூறத் தோன்றுகிறது. மனிதர் நடக்காத குழாயின் பழுதை யாரும் காண்பதில்லை. மனிதர் நடக்கும் பாலத்தின் பழுது மறைந்திருக்க முடியாது.

நமக்குரிய பாடம்

நமது தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்திருப்பதால் பற்களும் எலும்புகளும் பழுதடையும் நோய் நெடுங்காலமாக மக்களை வாட்டிவந்தது. ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டு, காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்களுக்குக் கொண்டுவருகின்றது. இந்தக் குழாய்கள் ஓடைகளையும் ஆறுகளையும் கடந்தே வர வேண்டியிருக்கின்றது. எதிர்காலத்தில் சிற்றூர்களில் நடைபாலம் கட்டும்போது, குழாயையும் அதன்மேல் ஏற்றிச் செல்லலாமே என்னும் யோசனை ஊராட்சிகளில் எழுவது இயற்கை. நல்ல யோசனையே. ஆனால் அதற்குமுன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

ஒன்று: குழாயின் எடையையும், அது நிறைந்திருக்கும்போது நீரின் எடையையும் சேர்த்துப் பாலம் திட்டமிடப்பட்டதா? கட்டியபின் தொங்கவிடும் சுமை கணக்கில் வாராத சுமையாகும். இரண்டு: வெள்ளத்தில் வரும் மரமும் புதரும் குழாயில் சிக்காத உயரத்தில் அது இருக்கிறதா? மூன்று: மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் போதிய இடைவெளியில், இரண்டையும் தனித்தனியே பழுதுபார்க்கும் வகையில் அமைந்துள்ளனவா? நான்கு: பழுது பார்ப்பவர் யார், செலவை எந்த விகிதத்தில் யார் ஏற்பது என்பது கட்டுமுன்னரே எழுத்தில் உள்ளதா? ஐந்து: ஆண்டுக்கொருமுறை சோதிப்பதற்கு நாளும் ஆளும் குறித்தாயிற்றா? இவ்வைந்தில் கடைசி இரண்டையுமே நாம் பெரும்பாலும் மறக்கின்றோம்.

சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கிடங்கு கட்டுவதற்குக் கடன் கேட்டு வரும் தீர்மானங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்; கட்டிய கிடங்கின் கூரையைப் பழுதுபார்க்க வரும் தீர்மானங்களை அரிதாகவே கண்டிருக்கிறேன். என் சுற்றில் ஒரு சங்கத்தில், சில ஓடுகள் பெயர்ந்திருப்பதை அனைவரும் அறிந்திருந்தும், அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம் என்று தள்ளிவைத்தனர். அடுத்த கூட்டத்துக்கு முன்னரே மழை வந்துவிட்டது. நனைந்த நூல் மூட்டைகளின் மதிப்பு, ஓடு மாற்றும் கூலியைப் போலப் பல மடங்கு. நட்டம் நிர்வாகிகளுக்கு அன்று; பாவு இன்றித் தறியை நிறுத்திய அங்கத்தினர்களுக்கே.

கூட்டுறவுச் சட்டம் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதிக்கு ஒதுக்கும்படி விதித்திருப்பதும், கணக்கில் தேய்மானம் எழுத வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதற்காகவே. தேய்மானம் என்பது ஏட்டில் எழுதும் வெறும் எண் அன்று. இன்று நாம் பயன்படுத்தும் தறியும் கிடங்கும் எடைமேடையும் நாளை நம் பிள்ளைகளுக்கும் உழைக்க வேண்டும் என்பதற்காக இன்றைய வருவாயிலிருந்து எடுத்துவைக்கும் கடமை அது. பங்காதாயம் சிறிது குறைகின்றதே என்று பொதுப்பேரவையில் குறை கூறுவோர், பிரான்ஸ் நாட்டுப் பாலத்தில் நீர் நின்றுபோன காரணத்தை நினைவுகூர வேண்டும். கட்டியவர் திறமையில் குறை இல்லை. பின்வந்தவர்கள் சுத்தம் செய்யவில்லை, அவ்வளவே.

நெசவாளி, அறுந்த இழையை அப்போதே பிணைக்கிறான். பிணைக்காமல் நாடாவை ஓட்டினால் துணியில் கீற்று விழும். கீற்று விழுந்த துணி விலை போகாது. உழவன், மடையில் எலி தோண்டிய துளையை அன்று மாலையே மிதித்து அடைக்கிறான்; அடைக்காவிட்டால் விடியுமுன் கரை போய்விடும். தன் தறியிலும் தன் வயலிலும் இவ்வளவு விழிப்பாக இருக்கும் நாம், பொதுச்சொத்தில் மட்டும் விழிப்பின்றி இருப்பது பொருந்துமா?

மாத்தூரில் பட்டணங்கால் நீர் பறளியாற்றின் மேலே செல்கின்றது. அந்நீரின் மேலே மக்கள் நடக்கின்றனர். தூண்கள் இரண்டையும் தாங்குகின்றன. ஊர் கூடித் தேர் இழுப்பது போல, ஊர் கூடிப் பாலத்தையும் காக்கும் வரையில் அவை தாங்கும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இத்திங்கள் தம் சங்கத்துக்குச் செல்லும்போது, கூரையையும் கதவையும் எடைக்கல்லையும் ஒருமுறை நின்று பாருங்கள். குறை காணின் எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி கேளுங்கள். சங்கம் உங்களுடையது, அதைக் கேட்கும் உரிமையும் காக்கும் கடமையும் உங்களுடையவையே.